ஐமோவின் விருந்தாளி அறை

என் வீட்டுக்காரர் ஐமோ எதையும் இரண்டு தடவை செய்வார். வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலடி நடந்தவர் திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார். அணைத்த அடுப்பை இன்னொரு தடவை அணைப்பார். எங்கள் கல்யாணத்தில் பாதிரியார் கேட்டதற்கு "சம்மதம்" என்றார். சத்தம் சரியாகக் கேட்டிருக்காதோ என்று சந்தேகம் வந்து, மறுபடியும் "சம்மதம்" என்றார். தேவாலயமே சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அக்கா லெம்பி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அவர் ஃபின்லாந்தில் எங்கள் ஊரான கூசன்கோஸ்கியின் காகித ஆலையில் எலக்ட்ரீஷியன். "ஒரு தடவை பார்க்கிறவன் எலக்ட்ரீஷியன். ரெண்டு தடவை பார்க்கிறவன் பென்ஷன் வாங்குற எலக்ட்ரீஷியன்" என்பார். பழைய இயந்திரத்தை நிறுத்தியபோது அவரையும் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். கேக் வெட்டினார்கள். கேக்கைத் தின்றுவிட்டு, தன் அலமாரி காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் யோசிக்காமல் ஒரே மூச்சில் செய்த காரியம் ஒன்று உண்டு. அதுதான் எங்கள் குடும்பத்தை இரண்டாக்கியது.

ஏரிக்கரையில் என் அப்பா மரத்தால் கட்டிய புகை சவுனா, அதாவது நீராவிக் குளியல் அறை, இருந்தது. அதற்குப் புகைபோக்கி கிடையாது. பாதி நாள் விறகு எரித்து, புகையை வெளியேற்றிய பிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்க முடியும். சுவரெல்லாம் கரி. அக்காவும் நானும் அதற்குள்தான் பிறந்தோம். அந்தக் காலத்துப் பிரசவம் அப்படி. அம்மா போன பிறகு அந்த இடம் எங்கள் பொறுப்பில் வந்தது. மரமெல்லாம் உளுத்துவிட்டது என்று ஐமோ அதை இடித்துத் தள்ளிவிட்டு, மின்சார அடுப்பு வைத்துப் புதிதாக ஒன்று கட்டினார். பொத்தானை அமுக்கினால் சூடு. பெருமை தாங்கவில்லை மனிதருக்கு.

சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவள் அக்கா. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தாள். தோளில் துண்டோடு சவுனா வாசலில் நின்றாள்.

"அப்பா சவுனா எங்கடீ?"

"உளுத்துப்போச்சுக்கா. இது பாரு, நல்லா இருக்கு..."

"ரொட்டி சுடுற அடுப்புக்குள்ள போய் நான் உட்காரணுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலை, இல்ல?"

குளிக்காமலே பஸ் ஏறிப் போனாள். எங்கள் ஜனங்கள் சண்டை என்றால் கத்த மாட்டார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள். அக்கா அதில் கைதேர்ந்தவள். வருஷக்கணக்கில் ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை. அங்கே இருக்கும் ஃபின்லாந்துக்காரர் சங்கத்தில், "எனக்குக் கூடப்பிறந்தது யாரும் இல்லை" என்று அவள் சொல்லிவைத்திருப்பதாக ஒரு நாள் காதுக்கு எட்டியது. அன்றைக்கு நான் அழுதேன். ஐமோ பக்கத்தில் வந்து நின்றார், போனார், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து நின்றார்.

ஓய்வுக்கு அப்புறம் அவர் இரண்டு வேலைகளைத் தொடங்கினார். ஒன்று, மின்சார சவுனாவுக்குப் பக்கத்திலேயே, அப்பா கட்டிய அளவில், அதே மாதிரி மரத்தை அடுக்கி, ஒரு புகை சவுனா. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவராகவே செய்தார். இன்னொன்று, கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ்.

நூலகத்தின் பின்னறையில் லினக்ஸ் சங்கம் கூடும். ஆலையில் இவரோடு இருந்த யோக்கோதான் இழுத்துக்கொண்டு போனான். "நம்ம நாட்டுப் பையன் ஆரம்பிச்சு வச்சதுடா ஐமோ. சும்மா கிடைக்குது. இதை விட்டுட்டு வேற எதையாவது வாங்குவியா?" என்று கேட்டிருக்கிறான். ஐமோவின் தேசபக்தியைத் தூண்ட அது போதும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸின் சின்னமான பெங்குவின் குடியேறியது. அன்று முதல் அவர் கருப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், நான் அவர் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

பிறகு பென்டிரைவ் வாங்கி வந்தார். அப்போது அது புதுசு, கட்டைவிரல் அளவு. அதைச் சொருகி, திரையைப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து மறுபடி சொருகினார். அதே கதைதான்.

"என்னங்க, சொருகினா வேலை செய்யும்னு அட்டையில போட்டிருக்கே?" என்றேன்.

"அது விண்டோஸ்காரங்களுக்கு."

"நமக்கு?"

"நமக்குக் கொஞ்சம் பேசணும் அதுகிட்ட."

பேசினார், வாரக்கணக்கில் பேசினார். இந்தத் துண்டை ஒரு டிஸ்க் என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ள ஏதோ ஒரு பகுதி குறைகிறது, அதைச் சேர்க்க லினக்ஸின் அடிவயிற்றையே திரும்பக் கட்ட வேண்டும் என்றான் யோக்கோ. கட்டினார்கள். கட்டி முடித்ததும் கம்ப்யூட்டரில் பாட்டுச் சத்தம் வரவில்லை. அதையும் சரிசெய்தார்கள், பிரிண்டர் படுத்துவிட்டது. ஒரு நாள் பிற்பகல் நான் ஏலக்காய் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து, "வந்துட்டான்! சிர்க்கா, வந்துட்டான்!" என்று கூச்சல். எங்கள் மகன் பிறந்த நாளிலும் அந்த மனிதர் கத்தவில்லை. மாவுக் கையோடு ஓடினேன். கருப்புத் திரையில் புரியாத ஒரு வரி இருந்தது. அந்த வரியில் பென்டிரைவின் பெயர் இருக்கிறதாம். அதில் "இது சோதனை. வேலை செய்கிறது. ஐமோ" என்று ஒரு சின்ன ஃபைல் எழுதிவைத்தார். வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகும் அதை அழிக்கவில்லை.

இனிமேல் நடந்தது புரிய வேண்டுமென்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஐமோ எனக்குச் சொன்னதுபோலவே சொல்கிறேன். லினக்ஸில் பென்டிரைவைச் சொருகினால் மட்டும் போதாது. அது வாசலில் நிற்கும் விருந்தாளி. வீட்டுக்குள் அதற்கென்று ஓர் அறை ஒதுக்கி, உள்ளே கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும். அதைத்தான் மவுண்ட் என்கிறார்கள். அந்த அறை வேறொன்றுமில்லை, வெறும் ஃபோல்டர்தான். ஐமோ அதற்கு "விருந்தாளி" என்றே பெயர் வைத்தார். வேலை முடிந்ததும் முறைப்படி வழியனுப்பிவிட்டுத்தான் பென்டிரைவைப் பிடுங்க வேண்டும். இல்லையென்றால் எழுதியது பாதியில் தொங்கும்.

இதெல்லாம் தானாகவே நடக்கிற லினக்ஸும் அப்போதே வந்துவிட்டது. யோக்கோ அதற்கு மாறினான். ஐமோ மாறவில்லை. "வந்தவனை வீட்டுக்காரன் எழுந்து போய்க் கூப்பிடணும். கதவு தானா திறந்தா அது ஹோட்டல்" என்றார்.

வழியனுப்புவதையும் இரண்டு தடவை செய்வார் என்று சொல்லவே வேண்டாம். முதல் தடவை கட்டளை அடித்தால் கம்ப்யூட்டர் வாய் திறக்காது. இரண்டாம் தடவை அடித்தால், "மவுண்ட் ஆகவில்லை" என்று ஒரு வரி வரும். அதாவது, விருந்தாளி போயாச்சு, யாரைத் தேடுகிறாய் என்று அர்த்தம். அந்த வரியைப் பார்த்தால்தான் ஐமோவுக்கு நிம்மதி. தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் பென்டிரைவை எடுப்பார்.

புகை சவுனா முடிந்த வசந்தத்தில் நான் அக்காவுக்கு ஒரே வரி எழுதிப் போட்டேன். அப்பா சவுனா திரும்ப வந்துவிட்டது, நடுக்கோடைப் பண்டிகைக்கு வா என்று.

வந்தாள். பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே ஏரிக்கரைக்கு நடந்தாள். உள்ளே போய், கையைச் சுவரில் தேய்த்து, உள்ளங்கையில் ஒட்டிய கரியைப் பார்த்தாள்.

"ஒரு தடவைதான் எரிச்சிருக்கீங்க போல. இன்னும் கருப்பாகணும்" என்றாள்.

எங்கள் ஊர் பாஷையில் அது மன்னிப்பு. ஐமோ வெளியே போய் விறகு அடுக்கினார். முன்னாலேயே அடுக்கியிருந்த விறகுதான், அதைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினார்.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு அக்காவும் நானும் ஏரிக்குள் நீண்டிருக்கும் மரப்பலகையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சவுனாவில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மர இலை முதுகெல்லாம் ஒட்டியிருந்தது. அக்கா, "உன் புருஷன் கல்யாணத்துல ரெண்டு தடவை சம்மதம் சொன்னானே, முதல் தடவை யாருக்குடீ?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் பலகையிலிருந்து வழுக்கி, அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விழப் போகிற அந்த நொடியில் ஐமோ கேமராவை அமுக்கினார். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தோம். வாயைத் திறந்து, கண்ணை மூடி, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, இரண்டு கிழவிகள். அவ்வளவு சிரிக்கிற படம் எங்கள் இருவருக்கும் சின்ன வயசில்கூடக் கிடையாது.

"ஆகஸ்ட்ல எனக்கு எழுபது. சங்கத்துல எல்லாரையும் கூப்பிடப் போறேன். நீ வரணும், இந்தப் படமெல்லாம் கொண்டுவரணும். காட்டணும் அவளுங்களுக்கு" என்றாள் அக்கா. யாரைக் காட்ட வேண்டும், எதற்கு என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

படங்கள் கேமராவிலேயே கிடந்தன. நான் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமைதான் ஐமோ உட்கார்ந்தார். பென்டிரைவைச் சொருகினார், விருந்தாளி அறைக்குக் கூட்டிப் போனார், சோதனை ஃபைல் தெரிகிறதா என்று பார்த்தார், தெரிந்தது. அந்த நேரம் சவுனா பதத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை சவுனா தயாரானால் எங்கள் ஊரில் தீயணைப்பு வண்டிக்காரன்கூட வேலையை நிறுத்திவிட்டுப் போவான். ஐமோவோ, நாற்காலியை விட்டு எழுந்தால் விருந்தாளியை உள்ளே விட்டுப் போகாதவர். வழியனுப்பினார். இரண்டு தடவை.

குளித்து, உடம்பெல்லாம் தளர்ந்து, முகம் சிவந்து திரும்பினார். பென்டிரைவ் சொருகியபடியே இருந்தது. கேமராவிலிருந்து படங்களை எல்லாம் விருந்தாளி அறைக்குள் போட்டார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அறை நிறையப் படம், நானே கண்ணால் பார்த்தேன். பிறகு வழியனுப்பக் கட்டளை அடித்தார். "மவுண்ட் ஆகவில்லை" என்றது. தலையை ஆட்டினார். பென்டிரைவைப் பிடுங்கி, உறையில் போட்டு, என் கைப்பையில் வைத்தார். இருக்கிறதா என்று திறந்து பார்த்தார்.

அவர் கூட வரவில்லை. துடுப்புப் படகிலேயே வாந்தி எடுக்கிற ஆளைச் சுவீடன் போகிற கப்பலில் எப்படி ஏற்றுவது? நான் தனியாகப் போனேன்.

அக்கா வீட்டில் பிறந்தநாளன்று கூடம் நிறைய ஆட்கள். மேஜையில் சால்மன், உருளைக்கிழங்கு சாலட், மூன்றடுக்கு கேக். அவள் வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டரைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். சங்கத்தில் ஹில்க்கா என்று ஒருத்தி, நாக்கு நீளம். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓ, நீதானா அது! இத்தனை வருஷமா லெம்பி தனியாப் பிறந்தவள்னுல்ல நினைச்சோம்."

"பொறு ஹில்க்கா, படத்தைப் பாரு முதல்ல. எப்படிச் சிரிக்கிறோம்னு பாரு" என்றாள் அக்கா. அவள் மகன் டோம்மி பென்டிரைவைச் சொருகினான். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். திரையில் ஒரே ஒரு ஃபைல் இருந்தது. டோம்மி அதைத் திறந்தான். பெரிய எழுத்தில் வந்தது.

இது சோதனை. வேலை செய்கிறது. ஐமோ.

யாரோ ஒருவர் சிரித்தார். டோம்மி அங்கே இங்கே அமுக்கிப் பார்த்தான். "அவ்வளவுதான் சித்தி இருக்கு" என்றான் மெல்ல. ஹில்க்கா, "வேலை செய்யுதுன்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்றாள். அக்கா எழுந்து காபி ஊற்றப் போனாள். ஒவ்வொரு கோப்பையாக ஊற்றினாள், என் கோப்பையையும் விடவில்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நடையில் இருந்த போனில் ஐமோவைக் கூப்பிட்டேன்.

"காலியா? இருக்காதே! நீயும்தானே பார்த்த?"

"காலிங்க. கேமராவுல இருக்கும்ல?"

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஏங்க?"

"இன்னிக்குக் காலையில காட்டுக்குப் போனேன். காளான் நல்லா வந்திருந்துச்சு. கேமராவுல இருந்ததை அழிச்சுட்டு... கேமரா முழுக்க இப்ப காளான்தான் சிர்க்கா."

நான் போனை வைத்துவிட்டேன். கூட்டம் கலைந்ததும் அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவினாள். நான் துடைத்தேன்.

"அக்கா, சத்தியமா இருந்துச்சு."

"சவுனாவும்தான் இருந்துச்சு" என்றாள். "உங்க ரெண்டு பேர் கையில எதைக் குடுத்தாலும் அது இல்லாமப் போயிடும். ஊரைக் கூட்டி வச்சு, எனக்குத் தங்கச்சி இருக்கான்னு சொல்ல வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இனிமே வராத சிர்க்கா. எழுதவும் வேண்டாம்."

கப்பலில் திரும்பி வரும்போது நான் ஒரு காபிகூடக் குடிக்கவில்லை. கோபம் முழுக்க ஐமோ மேல்தான். அக்கா மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவர் மூன்று நாளாகச் சவரம் செய்யாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். யோக்கோவும் இருந்தான். என் பையிலிருந்த பென்டிரைவை வாங்கிச் சொருகி, முறைப்படி விருந்தாளி அறைக்கு அழைத்துப் போய்ப் பார்த்தார்கள். சோதனை ஃபைல் மட்டும். ஐமோ அந்த விருந்தாளியை வழியனுப்பி, மறுபடி அழைத்துப் பார்த்தார். சோதனை ஃபைல் மட்டும். "நீங்க இல்லாதப்பவும் இதையே வேற பென்டிரைவை வச்சுப் பண்ணிட்டிருந்தாரு" என்றான் யோக்கோ. "டேய் ஐமோ, பேய் தின்னுட்டுப் போயிடுச்சுடா உன் படத்தை."

எனக்கு அவ்வளவு கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. பென்டிரைவைப் பிடுங்கினேன்.

"ஏய், வழியனுப்பாமப் பிடுங்காத!" என்று எழுந்தார் ஐமோ.

"வழியனுப்புறேன் பாருங்க!"

ஏரிக்கரைக்குப் போய், அக்காவும் நானும் உட்கார்ந்திருந்த அதே பலகையில் நின்று, கையை ஓங்கி எறிந்தேன். செல்போன் எறிவதற்கே போட்டி நடத்துகிற நாடு எங்களுடையது. நான் எறிந்தது பரிசு வாங்கும் தூரம் போய் விழுந்தது. யோக்கோ தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனான்.

ஐமோ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, "இனிமே எனக்கு இந்த விருந்தாளி அறையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார். நான் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோல்டரை அழிக்க இரண்டு விதமான கட்டளை இருக்கிறதாம். ஒன்று, உள்ளே என்ன இருந்தாலும் கேள்வி கேட்காமல் மொத்தமாக அழித்துவிடும். இன்னொன்று, காலி ஃபோல்டரை மட்டும்தான் அழிக்கும். கோபத்தில் இருக்கிற எந்த மனிதனும் முதலாவதைத்தான் அடித்திருப்பான். உள்ளே ஒன்றும் இல்லை என்று நூறு தடவை பார்த்தாயிற்றே! ஐமோ இரண்டாவதை அடித்தார்.

திரையில் ஒரு வரி வந்தது. அவர் அதே கட்டளையை மறுபடி அடித்தார். அதே வரி மறுபடி வந்தது.

"சிர்க்கா, இங்க வா. இதை நீ படி. என் கண்ணை நான் நம்பலை."

படித்தேன். அழிக்க முடியவில்லை, ஃபோல்டர் காலியாக இல்லை என்று இருந்தது.

"காலியா இல்லைன்னா? விருந்தாளி ஏரிக்குள்ள கிடக்கானே, அறையில யாரு இருக்கா?" என்றேன்.

அவர் அறையைத் திறந்தார். படங்கள். சவுனா வாசலில் அக்கா, கரி ஒட்டிய உள்ளங்கை, அடுக்கிய விறகு, அப்புறம் மரப்பலகையில் விழப் போகிற இரண்டு கிழவிகள். எல்லாமே இருந்தது.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சனிக்கிழமை குளித்துவிட்டு வந்தவர், பென்டிரைவ் சொருகித்தானே இருக்கிறது என்று, அதைத் திரும்ப உள்ளே அழைக்க மறந்துவிட்டார். விருந்தாளி வாசலில் நிற்க, அவனுக்கென்று வைத்த சாமான் எல்லாம் எங்கள் வீட்டு வெற்று அறையிலேயே இறங்கிவிட்டது. கம்ப்யூட்டர் உண்மையைத்தான் சொன்னது, மவுண்ட் ஆகவில்லை என்று. ஆனால் அந்த வரியைப் பார்த்துப் பார்த்து நிம்மதியடைந்தே பழகிய மனிதர், அன்றைக்கு முதல் தடவையிலேயே அது வந்தும் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டார். அப்புறம் தேடும்போதெல்லாம் முறை தவறாமல் ஒரு பென்டிரைவை உள்ளே அழைத்துவிட்டுத்தான் பார்த்தார். உள்ளே வந்தவன் தன் பாயை விரித்து உட்கார்ந்துகொள்வான். அதற்கு அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாதாம். விருந்தாளியே இல்லாமல் விருந்தாளி அறையை எட்டிப் பார்க்க அந்த ஒழுங்கான மனிதருக்குத் தோன்றவில்லை.

"அந்த முதல் கட்டளையை அடிச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"போயிருக்கும்" என்றார்.

நான் அவர் தலையில் முத்தம் கொடுத்தேன். பிறகு முதுகில் ஒரு அடியும் கொடுத்தேன். இரண்டுக்குமே நியாயம் இருந்தது.

யோக்கோ ஓடிவந்து இரண்டு சிடியில் படங்களை எழுதிக் கொடுத்தான். ஐமோ இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பார்த்தால், கம்ப்யூட்டர் பெட்டியை அம்மா நெய்த கந்தல்துணி விரிப்பில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இது எங்க போகுது?"

"நாம போறோம். படம் எதுல இருக்குதுன்னு என் கண்ணால பார்த்தேனோ அதையே கொண்டுபோறேன். இன்னொரு தடவை அவங்க முன்னாடி 'சோதனை'ன்னு வந்தா நான் ஏரியில குதிக்கணும்."

"கப்பல்ங்க!"

"தெரியும்."

கப்பல் கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை அவர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேபின் தரையில் படுத்திருந்தார். முகம் ஏரிப்பாசி நிறத்தில் இருந்தது. துறைமுகத்தில் ஒரு காவலர் விரிப்பைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்ன?" என்றார். ஐமோ, "என் மனைவியும் அவ அக்காவும்" என்றார். காவலர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கயிற்றை அவிழ்த்து, பார்த்து, சிரித்து அனுப்பினார்.

அக்கா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்து மூடப் போனவள், பின்னால் விரிப்பு மூட்டையோடு ஆடிக்கொண்டு நின்றவரைப் பார்த்து நிறுத்தினாள்.

"என்ன மாப்ளே, மூட்டை முடிச்சோட என் வீட்டுக்கே குடிவந்துட்டீங்களா?"

"அக்கா, அஞ்சு நிமிஷம் கரண்ட் மட்டும் குடுங்க."

"கரண்ட்! உங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியும்" என்றாள். ஆனால் கதவை விட்டு விலகினாள். கப்பலே ஏறாதவர் ஏறி வந்திருக்கிறார் என்பது அவளுக்கும் தெரியும்.

அவளுடைய திரையில் எங்கள் பெட்டியை மாட்டினார். பெங்குவின் வந்தது. வரிகள் ஓடின. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். படம் வந்தது.

அக்கா கிட்டே போனாள், கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். திரையில் அவள் கையை நான் இழுத்துக்கொண்டிருக்கிற இடத்தில் விரலை வைத்தாள்.

"சனியனே, என்னைத் தள்ளிவிடத்தான் பார்த்திருக்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஐமோ மட்டும் ஒரு நாற்காலியில் போய் விழுந்து, "ரை ரொட்டி ஏதாவது இருக்குமா, வயித்துல ஒண்ணும் இல்லை" என்றார்.

அக்கா ரொட்டியும் வெண்ணெயும் அவர் முன்னால் வைத்துவிட்டு, நடைக்குப் போய்ப் போனை எடுத்தாள்.

"ஹில்க்காவா? லெம்பி பேசுறேன். காபி போடுறேன், எல்லாரையும் கூட்டிட்டு வா. எதுக்கா? படம் பார்க்க. ஆமா, இருக்கு, வந்திருக்கு. யாரோட படமா?" என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என் தங்கச்சி படம். எனக்குத் தங்கச்சி இருக்கா."

போனை வைக்கப் போனவள், நிறுத்தி, திரும்பக் காதில் வைத்தாள்.

"ஹில்க்கா, காதுல விழுந்துச்சா? எனக்குத் தங்கச்சி இருக்கா."